தோரில் உட்கார வைத்த முயல்

அல்மாட்டி
திங்கட்கிழமை

அன்புள்ள எர்மெக்கிற்கு,

உங்கள் மனைவி குரலாய் எழுதுவது. கடல் காற்றில் காதை மூடிக்கொண்டு நடங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். நல்ல வார்த்தையை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனிமேல் திட்டுத்தான். போனில் சொன்னால் “சரி சரி, பாத்துக்கலாம்” என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் உங்கள் கடல் எண்ணெய்க் கிணற்றுக்குக் கிளம்பும் கூட்டாளி கைரத்திடம் இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

உங்கள் மகளின் முயல் ஷுபத் நேற்று மாலையிலிருந்து ஒரு புல்லைக்கூடத் தொடவில்லை. புழுக்கையும் போடவில்லை. கூண்டு மூலையில் முதுகைக் குறுக்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது. முயலுக்கு வயிறு நின்றுபோனால் உயிர் நிற்க அதிக நேரம் ஆகாதாம். வேரா டாக்டர் ஊசி போட்டு, மருந்து கொடுத்து, “நாளைக்குள்ள வயிறு அசையணும்” என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

எல்லாம் உங்களால்தான். விமானத்துக்கு ஓடுகிற அவசரத்தில், புது முயலைக் கூடையிலிருந்து தூக்கி, “வாங்க மகாராணி, விருந்தாளிக்கு எங்க வீட்ல தோருதான்!” என்று கதவுக்கு நேர் எதிரே, ஜன்னலடிக் கம்பளத்தில் உட்கார வைத்தீர்கள். ஷுபத் குட்டியிலிருந்து படுத்துப் புரள்கிற கம்பளம் அது. மனுஷனுக்குத் தோரில், வீட்டின் தலைமை இடத்தில், இடம் கொடுத்தால் மரியாதை. முயலுக்கு அது அடுத்தவன் வீட்டுப் பூட்டை உடைத்து நுழைந்த மாதிரி. நீங்கள் படியிறங்குவதற்குள் வீடெல்லாம் ரோமம் பறந்தது. ஷுபத்தின் காது கிழிந்தது. பிரிக்கப்போன என் கையிலும் ஒரு கடி.

டாக்டர் கேட்டாரே ஒரு கேள்வி! “புதுசைக் கொண்டுபோய் யாராவது பழசோட மூலையில வைப்பாங்களா? யாரு அந்தப் புத்திசாலி?” என் வீட்டுக்காரர் என்றேன். வேறென்ன சொல்ல?

போதாக்குறைக்குத் தோக்ஜானிடம், “குரலாய் அக்கா உனக்காக ஆசையா வாங்கிட்டு வரச் சொன்னது” என்று ஒரு பொய் வேறு. நான் எப்போது கேட்டேன்? எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைப்பதாக நினைத்தீர்களோ என்னவோ. இப்போது உங்கள் மகள் கண்ணில், மறைந்த அவள் அம்மா மைரா வாங்கிக் கொடுத்த முயலைக் கொல்ல ஆள் அனுப்பியவள் நான்.

“அம்மா குடுத்ததுல உயிரோட இருக்கறது இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா நான் செமேய்ல இருக்கற மாமா வீட்டுக்குப் போயிடுவேன். உங்க வீட்டை நீங்களே வெச்சுக்குங்க” என்றாள். வெறும் பேச்சில்லை, எர்மெக். பையில் துணி அடுக்கிக் கதவருகே வைத்துவிட்டாள். பல் தேய்க்கும் பிரஷைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

ஊசிக்குழாயில் கஞ்சி ஊட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். “நீங்க தொடாதீங்க” என்று அவளே முயன்றாள். ஷுபத் உதைத்த உதையில் கஞ்சி சுவரெல்லாம் தெறித்தது. ஒரு ஆள் பிடிக்க வேண்டும், ஒரு ஆள் ஊட்ட வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டை என் பக்கம் நீட்டினாள். ஷுபத்தை அதில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லையே, உங்களை என்ன சொல்ல!

செவ்வாய்

புழுக்கை போட்டது! சின்னச் சின்னதாய், மிளகு மாதிரி. முயல் புழுக்கையைப் பார்த்து யாராவது அழுதிருக்கிறார்களா? நாங்கள் இரண்டு பேரும் அழுதோம், ஆளுக்கொரு மூலையில். பிறகு ஷுபத் ஒரு கொத்தமல்லிக் காம்பைக் கடித்தது.

அந்தத் தெம்பில் நான், புதுசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அதை வளர்த்த உங்கள் நண்பரிடமே போகட்டும் என்றேன். அவளுக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைத்தேன். பாய்ந்துவிட்டாள்.

“அது என்ன பண்ணுச்சு? அதுவா வந்து அங்க உக்காந்துச்சு? அப்பாதானே கொண்டுவந்து உக்கார வெச்சாரு!”

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து, புதுசின் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து வந்தேன்.

மறு வாரம், சனி

கைரத்தின் பயணம் தள்ளிப்போனது நல்லதாயிற்று, இதையும் சேர்த்து எழுதுகிறேன். புதுசுக்கு பௌர்சாக் என்று பேர் வைத்திருக்கிறாள். அந்தப் பலகாரம் மாதிரியே பொரித்த நிறத்தில் உருண்டையாகத்தானே இருக்கிறது. காது ஆறும்வரை இரண்டையும் தனித்தனியே வைத்து, இதன் துணியை அதன் கூண்டிலும் அதன் துணியை இதன் கூண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டோம். இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில்தான் முதலில் சந்திக்க விட வேண்டுமாம். நம் வீட்டில் அப்படி ஓர் இடம் குளியல் தொட்டி மட்டும்தான்.

இன்று காலை காய்ந்த தொட்டியில் புதுத் துண்டை விரித்து இரண்டையும் இறக்கினோம். நானும் அவளும் அடுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். பௌர்சாக் சுற்றி வந்தது. ஷுபத் உறுமியது. கையை உள்ளே விடப்போனேன். “இருங்கக்கா, கொஞ்சம் இருங்க” என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஷுபத் தலையைத் தரையோடு தாழ்த்தியது. பாவம், தோற்றுவிட்டான் என்றேன். “தோக்கல. ‘என்னை நக்கி விடு’ன்னு கேக்கறான். அவன் அப்படித்தான் கேப்பான்” என்றாள். பௌர்சாக் முதுகைக் காட்டிக்கொண்டு தன் முகத்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டது. என்ன திமிர்! ஷுபத் தலையை எடுக்கவில்லை. நாங்களும் அசையவில்லை. கடைசியில் பௌர்சாக் திரும்பி வந்து, அந்தக் கிழிந்த காதை இரண்டு தரம் நக்கியது. அவள் கை இன்னும் என் முழங்கையில் இருந்தது.

உடனே மறுபடி சிலுப்பிக்கொண்டன. இன்னும் தனித்தனிக் கூண்டுதான். முழுசாகச் சேருமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. தோக்ஜானின் பையும் கதவருகேதான் இருக்கிறது. பிரஷ் மட்டும் குளியலறைக்குத் திரும்பியிருக்கிறது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நவ்ருஸ் பண்டிகைக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். உங்கள் அக்கா வீட்டார் எல்லாரும் வருவார்கள். என்னைக் கல்யாணம் செய்து அழைத்து வந்த அன்று செய்த மாதிரி, எல்லார் முன்னாலும் கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் தோரில், மைராவின் பூவேலை மெத்தையில் உட்கார வைக்காதீர்கள். அன்றைக்குத் தோக்ஜான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாளே, மறந்துவிட்டதா? அதன் பிறகு அவள் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. உங்கள் மனசு நல்ல மனசுதான். ஆனால் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த மெத்தை அவள் அம்மாவுடையதாகவே இருக்கட்டும்.

எனக்கு இந்த வீட்டில் குளியலறைத் தரையில் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது. அவளாகக் கொடுத்த இடம். அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

கடவுள் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உங்கள்
குரலாய்