ரஹீம் பெயரில் ஒரு மாணவன்

ஆட்டோவில் முன்சீட்டை எனக்கென்றே காலியாக வைத்திருந்த என் ரஹீமுக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பாய், கேட்கவில்லை. உன் வகுப்பில் நான் வடையும் கையுமாக மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இஸ்லாமிய வரலாறும் நாகரிகமும் என்று ஒரு ஆன்லைன் படிப்பில் உன் பெயரில் சேர்ந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவர் நிழலில் ஆட்டோவை நிறுத்தி, இரண்டு பேரும் ஒரே போனில் கேட்போம். நோட்டு எழுதுவது நான். பாதியில் குறட்டை விடுவது நீ. சர்ச்சுக்குப் போகிற இவனுக்கு இது எதற்கு என்று யாராவது கேட்டால், "ஹிஸ்டரி படிக்கிறதுக்கு இன்னாத்துக்குப்பா பர்மிஷன்?" என்று நீதான் எகிறுவாய்.

பாக்தாத் வரை வந்தோம். "கப்பல் வியாபாரிங்க நம்ம கரைக்கு வந்த பாடம் கடைசில கீதாம். அத்த மட்டும் நான் கேட்டே ஆவணும் மச்சான்" என்றாய். அதற்குள் போய்விட்டாயே, பாவி! அப்படி என்ன அவசரம் உனக்கு?

நாற்பது நாள் கழித்து உன் மனைவி நசீமா உன் போனை நீட்டினாள். "அண்ணா, கிளாஸு இன்னும் வந்துகினே கீது. நீயே பாரு." அன்றிலிருந்து ஞாயிறு மதியம் புதுப்பட்டினத்தில் அவளுடைய டிபன் கடையில் உட்கார்ந்து கேட்கிறேன். கேமராவை அணைத்துவிடுவேன். ஆசிரியர் "ரஹீம் பாய்" என்று கூப்பிட்டால் "இருக்கேன் சார்" என்பேன். உண்மை தெரிந்தால் உன் இடத்தை எடுத்துவிடுவார்கள், உன் கப்பல் பாடம் போய்விடும் என்று பயம்.

போன ஞாயிறு. நோன்பு மாதம். நோன்பு வைத்துக்கொண்டே வடை சுட்ட நசீமா, "உனக்கு இன்னா நோன்பா? துன்னு" என்று தட்டை வைத்தாள். எடுக்கும்போது கை பட்டு கேமரா திறந்துகொண்டதை நான் கவனிக்கவில்லை.

"ரஹீம் பாய், நோன்புல வடையா?" என்றார் ஆசிரியர்.

வகுப்பே பார்க்கிறது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஆனால் கெட்டுப்போவது உன் பெயர் அல்லவா? அது பொறுக்கவில்லை. "சார், ரஹீம் ஒரு நோன்பு வுட்டவன் இல்ல. அவன் மவுத்தாயிட்டான். நான் தேவராஜ்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

எல்லாரும் கையேந்தி உனக்காக துஆ கேட்டார்கள். பிறகு ஆசிரியர், "இந்த இடத்தை அவர் வீட்டில் ஒருத்தருக்குத்தான் மாற்றித் தர முடியும். நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார்.

கரண்டியோடு ஓடிவந்த நசீமா போனுக்குள் தலையை நீட்டி, "எங்க வூட்டு ஆளுதான் சார், எழுதிக்கோங்க" என்றாள். அழுதுவிட்டேன் ரஹீம். வடை காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வரும் ஞாயிறு கப்பல் பாடம். ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டு, மறுநாளே உன் கபர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். வழக்கம்போலப் பாதியில் தூங்கிவிடாதே.

உன் வூட்டு ஆளு,
தேவராஜ்