நீல மைக் கேள்விகள்

மார்ச் 3, செவ்வாய்

ஆலோசகர் பயிற்சியில் எனக்கென்று ஒதுக்கிய முதல் ஆள் இன்று வந்தாள். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தொடுகிறாள். பெயரை எங்கும் எழுதக்கூடாது என்பது விதி. பச்சைக் கைப்பை வைத்திருந்ததால் பச்சைப்பை என்றே இருக்கட்டும்.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவை நாலு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறாளாம். இப்போது வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதென்று முடிவும் செய்துவிட்டாள். "அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அதுக்கு மட்டும் உதவி பண்ணுங்க."

அதுக்கு மட்டுமாம். பேசும்போது இரண்டு தடவை போனைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வேலை என்பது சாக்கு. வேறு ஏதோ இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் போன் பண்ணினான். எடுக்கவில்லை. எங்கள் அப்பா படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷமும் எட்டிப் பார்க்காதவன், அவர் போன பிறகு ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறான். வீட்டை விற்கும் பேச்சாகத்தான் இருக்கும்.

மார்ச் 10, செவ்வாய்

பச்சைப்பை கிளம்பியதும் ஜன்னலோரம் போய் நின்றேன். வாசலில் சாம்பல் நிறக் கார். ஓட்டியது ஒரு ஆண். அவள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். நினைத்தேன்!

மார்ச் 11, புதன்

மேற்பார்வை பார்க்கும் மேடத்துடன் ஒரு மணி நேரம். வந்தவரின் சம்மதத்துடன் பதிவு செய்த பேச்சைத் திரும்பக் கேட்டு, நாம் கேட்ட கேள்விகளை மட்டும் எழுத வேண்டும். அவளுக்காகக் கேட்டது சிவப்பு மையில், எனக்காகக் கேட்டது நீல மையில். நான் எல்லாவற்றையும் சிவப்பில் எழுதியிருந்தேன். மேடம் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்து, இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கச் சொன்னார்.

இவர் ஏன் அவள் பக்கம் சாய்கிறார்? தன் வீட்டுப் பெரியவர்களை எங்காவது சேர்த்துவிட்டாரோ என்னவோ.

மார்ச் 17, செவ்வாய்

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பேச்சுவாக்கில் கேட்டுவிட்டேன் — "கார்ல வந்தாரே, அவர் இதைப் பத்தி என்ன சொல்றார்?" பச்சைப்பை என்னைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். அவர், அவள் அப்பாவுக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் ஃபிசியோவாம். இல்லத்தைக் காட்டக் கூட்டிப் போனாராம்.

"வேலை வேண்டாம்னு எழுதிடறேன். நீங்க கேக்கற கேள்வியிலேயே தெரியுது, நான் எப்பேர்ப்பட்ட பொண்ணுன்னு."

இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 18, புதன்

அவளை வேறு யாரிடமாவது மாற்றிவிடுங்கள் என்று மேடத்திடம் கேட்டேன். "மாத்தறது சுலபம். அடுத்து வர்றவங்களுக்கும் ஒரு அப்பா இருப்பாரே?" என்றார். வேண்டுமென்றே எனக்கு இவளைக் கொடுத்தீர்களா என்றும் கேட்டேன். வரிசைப்படிதான் என்றார். நம்பாமல் பதிவேட்டைப் புரட்டினேன். வரிசைப்படிதான்.

முதல் இரண்டு பேச்சையும் திரும்பக் கேட்டேன். பத்தொன்பது கேள்விகள். பதினாலு நீலம். "விட்டுட்டுப் போனா உங்களுக்கு நிம்மதியா இருக்குமா?" — சீ, இது ஆலோசகர் குரலா? அப்பாவின் படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டே மனசுக்குள் அண்ணனோடு சண்டை போட்ட குரல். ஒன்பது வருஷத்துக் கோபத்தை யாரோ ஒருத்தி தலையில் இறக்கியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 23, திங்கள்

வருவாளா?

மார்ச் 24, செவ்வாய்

வந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தது தப்பு, கேட்டதெல்லாம் என் கேள்விகள், உங்களுடையவை இல்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "உங்க அப்பாவும் படுத்திருந்தாரா?" என்றாள். ஆமாம், ஆனால் உங்கள் நேரத்தில் அந்தப் பேச்சு வேண்டாம் என்றேன். வேலை வேண்டாம் என்ற கடிதம் இன்னும் போகவில்லையாம். எழுதி வைத்திருக்கிறாள், அனுப்பக் கை வரவில்லை.

சொல்லிப் பழகலாமா என்று கேட்டேன். நான் அப்பாவாக உட்கார்ந்தேன். அவள் எதிரில் நின்றாள்.

"அப்பா, நான் போகணும்ப்பா. உங்களை வேண்டாம்னு போகல. இங்கயே இருந்தா உங்க மேல வெறுப்பு வந்துடுமோன்னு பயமா இருக்கு."

அப்பாவாக என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மூன்று தடவை சொன்னாள்.

மார்ச் 31, செவ்வாய்

வேலையை ஒப்புக்கொண்டுவிட்டாள். அப்பாவிடமும் சொல்லியாகிவிட்டது. இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், மூன்றாம் நாள் அங்கே ஜன்னல் பக்கத்துக் கட்டில் கிடைக்குமா என்று கேட்டாராம். அவள் போவது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியாது. என்னைக் கேட்கவும் இல்லை.

அவள் கிளம்பும்போது ஒரு கேள்வி தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பதிவில் இல்லாவிட்டாலும் தாளின் அடியில் நீலத்தில் எழுதி வைத்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அண்ணன் போன். எடுத்தேன். வீட்டுப் பேச்சை எடுப்பான் என்று காத்திருந்தேன். சாப்பிட்டாயா என்றான், வெயில் எப்படி என்றான். அந்த நீலக் கேள்வியை அவனிடம் கேட்டேன்.

"எங்களை விட்டுட்டுப் போன அன்னிக்கு உனக்குத் தூக்கம் வந்துச்சா?"

குறுக்கே பேசாமல் இருக்கப் பழகியிருக்கிறேன், இருந்தேன்.

"அதைச் சொல்லத்தான் வாராவாரம் போன் பண்றேன்" என்றான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.