மாதா கோயில் வாசலில் உன் அப்பா

ஹிராசே, கோத்தோ தீவு,
நாகசாகி, 9.9.1963

அன்பு மகள் மிசாவோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய பிடிவாதம் எங்களைவிடச் சுகம். நகோயாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க சரக்கறையில் நாம் ஒளித்து வைத்துக் கும்பிடும் மாதா துணையிருக்கட்டும்.

உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளை பெயர் இவநாகா, வெளிப்படையாகக் கோயிலுக்குப் போகிற வேதக்காரர், நவம்பரில் நம் தீவு மாதா கோயிலிலேயே கல்யாணம், அப்பா வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன், இரண்டு முறையும் வலையைப் பின்னிக்கொண்டே கேட்டார். பிறகு, "நாம ஒளிஞ்சு கும்பிட்டவங்க, அவங்க ஊருக்கே கேக்க மணியடிச்சுக் கும்பிடுறாங்க, எப்படி ஒத்துவரும்" என்றார். கிறிஸ்து வேதத்துக்கு இந்த நாட்டில் இருந்த தடை நீங்கித் தொண்ணூறு வருடமாகிறது, அரசாங்கமே மறந்துவிட்டது, இவர் மறக்கவில்லை. இன்றைக்கும் மாதா படத்தைச் சரக்கறையில் மிசோ விழுது ஜாடிக்குப் பின்னாலிருந்து எடுக்கும் முன் ஜன்னலைச் சாத்துகிறார். "அந்தக் கோயில ஒரு தடவை பார்த்துட்டாவது வேண்டாம்னு சொல்லுங்க" என்று மூன்று நாள் நச்சரித்தேன்.

வியாழக்கிழமை மாதா கோயிலுக்குப் படகில் போனோம். சாவு வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நான் உள்ளே போய்ப் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தேன், அவர் வாசலைத் தாண்டவில்லை. எனக்குக் கோயில் ஜெபம் எதுவும் தெரியாது, நம் வீட்டு ஜெபத்தையே முணுமுணுத்தேன். அது காதில் விழுந்ததுதான் தாமதம், அவருக்குப் பரம்பரை வேலை ஞாபகம் வந்துவிட்டது. ஜெபம் நடக்கும்போது வாசலில் காவல் நிற்பது அவர்கள் குடும்பத்து முறைதானே. ஜெபத்துக்கு முதுகு, பாதைக்கு முகம், யார் வந்தாலும் ஒரே பதில்.

பூக்கொண்டு வந்த இரண்டு பெண்களிடம், "உள்ள யாருமில்ல, எல்லாரும் கணவாய் மீன் காயப் போடப் போயிருக்காங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். அடுத்து கழுத்தில் துண்டும் கையில் மண்வெட்டியுமாக ஒருவர் வந்தாராம், அவருக்கும் கணவாய்தான். "அப்போ உள்ள முணுமுணுன்னு கேக்குதே" என்று கேட்டதற்கு, "அது எலி" என்றாராம் உன் அப்பா. முப்பத்தைந்து வருடம் சோறு போட்டவளுக்குக் கிடைத்த பட்டம் அது. "எலி நல்லாவே ஜெபம் சொல்லுது" என்று அந்த மனிதர் மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே வந்து விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அவர்தான் பங்குச் சாமியார், சர்க்கரைவள்ளித் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறார். அவருடைய கோயிலுக்குள் அவரையே விடவில்லை உன் அப்பா. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நவம்பர் கல்யாணப் பெண்ணைப் பெற்றவர்கள் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

சாமியார் சிரிக்கவில்லை. எத்தனை தலைமுறையாக இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டார். ஏழு என்றார் அப்பா. உடனே அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பு வரை குனிந்து வணங்கினார். "எங்க முன்னோர் ஜெபம் சொன்னப்பவும் வாசல்ல ஒருத்தர் நின்னிருப்பார், அவர் பேருகூட எங்களுக்குத் தெரியாது. கல்யாணத்தன்னைக்கு நீங்க இங்க நிக்கணும்" என்றார். உன் அப்பா, "மணிய மட்டும் கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லுங்க" என்றார். அதாவது, வருகிறார். திரும்பும்போது படகில் எனக்கு அழுகை வந்துவிட்டது, மிசாவோ.

நீ பீடத்தின் முன் நின்று திரும்பிப் பார்த்தால் அவர் முதுகுதான் தெரியும். கோபம் என்று நினைத்துவிடாதே. அன்று வெளியே வரும்போது பக்கத்திலிருந்து பார்த்தேன், பாதையைப் பார்த்தபடியே அவர் உதடும் ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவர் வம்சத்தில் எல்லோரும் அப்படித்தான் ஜெபம் செய்திருக்கிறார்கள்.

நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நிறைவாக வாழ வேண்டும். மறக்காமல் மாப்பிள்ளையின் புகைப்படம் ஒன்றை உடனே அனுப்பு, அப்பா முகத்தைப் பழகிக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் கல்யாணத்தன்று மாப்பிள்ளையையும் கணவாய் காயப் போடுகிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா சுயே