ஏற்றத்தில் எடுத்த தண்ணீர்

என் அன்பு அண்ணா,

நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதம். உன் வேலை இப்போது என்னிடம். மாதம் ஒருமுறை அடையாறு முகத்துவாரத்துக்குப் போய், தண்ணீரில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்ப்பது.

உன் நோட்டுகளைத் தட்டச்சு செய்தவள் நான். ஐந்து வருட எண்கள். நல்ல எண்கள். ‘ஆறு தேறி வருகிறது’ என்று அறிக்கையில் எழுதியதும் நான்தான். அதைக் காட்டித்தான் ஆற்றின் மேல்பக்கக் கரையோர ஆலைகள் இன்னும் கொஞ்சம் கழிவுநீர் விட அனுமதி கேட்கின்றன.

போன செவ்வாய்க்கிழமைதான் முதல் முறை போனேன். கிண்டியிலிருந்து கருவி வரத் தாமதம். நான் போய்ச் சேரும்போது நடுப்பகல். கடல் பின்வாங்கியிருந்தது. நீ வழக்கமாகக் கூப்பிடும் படகுக்காரர் சிரித்தார்.

“இன்னாம்மா, இப்ப வந்து நிக்கிற? உங்க அண்ணன் கில்லாடி. தண்ணி ஏறுனாத்தான் வருவாரு. வத்துனா படகு சேத்துல குந்திக்கும்ல.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமேதான். கடல் தண்ணி உள்ள வந்துக்கினு இருக்கும். அப்பதான் இந்த ஆறு பாக்குற மாதிரி கீது.”

முழங்கால் சேற்றில் படகைத் தள்ளினோம். கறுப்புத் தண்ணீர். கருவி பூஜ்யம் காட்டியது. பழுது என்று நினைத்து, என் குடிநீர் பாட்டிலில் முக்கினேன். எண் ஏறியது. மறுபடி ஆற்றில். பூஜ்யம்.

வீட்டுக்கு வந்து உன் நோட்டுகளையும் கடல் ஏற்ற அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நீ நேரம் குறிக்காத நாளே இல்லை. ஒவ்வொரு நாளும் ஏற்றம்.

ஐந்து வருடம் நீ அளந்தது கடலை.

உனக்குத் தெரியுமா? படகுக்காக மட்டும்தானா? நேரத்தை இவ்வளவு சுத்தமாக எழுதியவன் எதை மறைத்திருப்பான்? நல்ல எண்ணைப் பார்த்ததும் நானும் ஏன் ஒன்றும் கேட்கவில்லை?

அம்மாவிடம் சொன்னேன். அவள் சொன்னது: “அவன் பேரை எடுத்துட்டு எழுதுடி. இருந்தா அவனே பதில் சொல்லுவான். இப்ப யார் சொல்லுவா?”

நாளை ஆலைகளின் அனுமதி பற்றிய கூட்டம். அறிக்கையிலிருந்து உன் பெயரை எடுக்கவில்லை, அண்ணா. எல்லா மாதிரியும் கடல் ஏறியபோது எடுத்தவை, இவற்றை வைத்து ஆறு தேறியது என்று சொல்ல முடியாது என்று அதன் கீழேயே எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமைப் பூஜ்யத்தையும்.

யார் பதில் சொல்வது என்று கேட்பார்கள். எழுந்து நிற்பேன்.

உன் தங்கை