வார்னிஷில் தெரிந்த பொட்டு

அக்கா,

இன்று காலை வார்னிஷ் டின்னைத் திறந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் கை தானாக நெற்றிக்குப் போனது. நீங்கள் போனதிலிருந்து இப்படித்தான். பொட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் தூரிகையை எடுக்கிறேன்.

நாம் சண்டை போட்டதே இந்த வார்னிஷுக்காகத்தான். கூலிமில் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட், பதினெட்டு வருடம். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. பாடாங் மேஹாவில் உங்கள் வீட்டுப் போர்ச்சில், போனில் வீடியோ பார்த்துப் பார்த்து முக்காலி, மேசை என்று செய்து பழகினோம். ஜித்ராவில் வீடு வாங்கிய உங்கள் மகளுக்குச் சாமி அலமாரி செய்யத் தொடங்கியபோதுதான் வினை வந்தது.

பலகைகளுக்கு முதலில் வார்னிஷ் அடித்துவிட்டுப் பிறகு ஒட்டலாம் என்றேன். "பசை பட்ட எடத்துல சாயம் ஏறாதுக்கா. திட்டுத் திட்டா வெளுப்பாத் தெரியும்."

"ஒட்டும்போது கீறல் விழுந்தா? சட்டையைத் தைக்கிறதுக்கு முன்னாடியே இஸ்திரி போடுவியா? பசையைத் துடைச்சா போயிரும்லா."

"அப்ப நீங்களே தனியா ஒட்டிக்குங்க."

சொன்னதோடு விட்டேனா? பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் நான்கும் என்னுடையவை. அத்தனையையும் என் காடியில் ஏற்றிக்கொண்டு ஓட்டி வந்துவிட்டேன். இரண்டு வாரம் பேசவில்லை. தொழிற்சாலை பஸ்ஸிலும் தள்ளியே உட்கார்ந்தேன். அந்த பஸ்ஸில்தான், சன்னலில் தலை சாய்த்தபடி நீங்கள் போனீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன்.

காரியம் முடிந்து சில நாளில் உங்கள் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா செஞ்ச அலமாரி வார்னிஷ் அடிக்காம கிடக்குது. நீங்கதான் முடிச்சுத் தரணும்."

ஞாயிறு மதியம் உங்கள் வீட்டுக்குப் போனேன். அலமாரி ஒட்டி முடிந்து நேராக நின்றது. உள்ளே கை விட்டுத் தடவினேன். மழமழவென்று இருந்தது, ஒரு கறை இல்லை. நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

மண்டியிட்டுத் தலையை உள்ளே நீட்டி, சாயம் கலந்த வார்னிஷை இழுத்தேன். மரம் கருத்தது. இடப்பக்கப் பலகையில் ஐந்து விரல்கள் வெளுப்பாகத் தெரிந்தன. வலப்பக்கத்தில் இன்னும் ஐந்து. கண்ணுக்குத் தெரியாமல் காய்ந்திருந்த பசை. அதுவரை பயமில்லை. பின்பலகைக்கு அடித்தபோது, சரியாக என் முகத்துக்கு நேரே, ஒரு வெளுத்த திட்டு எழுந்தது. அதன் நடுவில் மட்டும் சாயம் ஏறி, வட்டமாக ஒரு புள்ளி. உங்கள் பொட்டின் அளவு.

தூரிகை கீழே விழுந்தது. வெயில் கொளுத்தும் போர்ச்சில் எனக்குக் குளிர்ந்தது. யாரோ எதிரே மண்டியிட்டு என் நெற்றியோடு நெற்றி வைத்தது போல இருந்தது.

பிறகுதான் புரிந்தது. இரண்டு கையும் இரண்டு பக்கத்தைப் பிடித்திருக்க, பின்பலகை நழுவியிருக்கிறது. பிடிக்க கிளாம்ப் இல்லை, நானும் இல்லை. பசைக் கையால் வியர்வையைத் துடைத்த நெற்றியையே முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். பொட்டு இருந்த இடத்தில் மட்டும் பசை படவில்லை. பசை பிடிக்க அரை மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரமும் அப்படியே இருந்திருக்கிறீர்கள், அக்கா.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மீண்டும் வார்னிஷ் அடித்ததும் விரல்கள் மங்கிப்போயின. நெற்றி மட்டும் திரும்ப வந்தது. இன்னொரு தடவை தேய்த்தேன். இன்னும் தெளிவாக வந்தது.

உங்கள் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் தலையை உள்ளே விட்டபடி இருந்தாள். வெளியே வந்தபோது அவள் நெற்றியில் ஈர வார்னிஷ். "தேய்க்காதீங்க ஆன்ட்டி," என்றாள். ஜித்ரா வீட்டில் அந்த இடத்தை மறைத்து அவள் எந்தப் படமும் வைக்கவில்லை.

நான் இப்போதும் வார்னிஷ் அடித்த பிறகுதான் ஒட்டுகிறேன். அந்த வாதத்தில் நான் சொன்னதுதான் சரி, விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பின்பலகைக்கு மட்டும் கிளாம்பும் போடுவதில்லை, நெற்றியும் கொடுப்பதில்லை. இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, மண்டியிட்டு, அரை மணி நேரம் காத்திருக்கிறேன்.

இதுவரை ஒரு தடவையும் நழுவவில்லை, அக்கா.