அக்காவின் மூக்கு

தபாவேரா
ஏப்ரல் 9, 2022

அடியே கிளெனிஸ்,

பெட்டியைத் திறந்ததும் கடிதத்தை ஓரமாக எறிந்துவிட்டு ஹாப் பூவுக்குள் முகத்தைப் புதைத்திருப்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு? மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார், அக்கா பேச வேண்டும்.

உன் பீருக்கு வாசனை ஏற்ற இந்த வருஷப் பூ இவ்வளவுதான். பின்வேலிக் கொடி என்னவோ நன்றாகத்தான் பூத்தது. பறிக்கத்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பிப்ரவரியில் ஊரைச் சுற்றிய காய்ச்சல் என்னையும் ஒரு புரட்டு புரட்டிவிட்டுப் போயிற்று. இப்போது தேவலை. பதறிப்போய் போன் பண்ணாதே. எனக்கு எழுதுவதுதான் சௌகரியம் என்று உனக்குத் தெரியும்.

பீர் சங்கத்து பாரி நேற்று வேலியோரம் வந்து நின்றான். "ரேவின், நீ மோந்து பாக்காம எங்க பீரெல்லாம் அநாதையா கெடக்கு. எப்ப வர்றே?" என்றான். "உன் பீருக்கு என் மூக்கு எதுக்குடா? மூக்கைப் பிடிச்சுக்கிட்டுதானே குடிக்கணும்" என்று சொல்லி அனுப்பினேன். சிரித்துக்கொண்டே போனான், பாவம்.

மெர்வ் என்னை விதவையாக்கிவிட்டுப் போனபிறகு, ஜூனில் வரப்போவது மூன்றாவது குளிர்காலம். விறகு அடுக்கியாயிற்று. உன் பீர் எப்படி வருகிறது என்று எழுது.

உன் அக்கா,
ரேவின்

*

வெலிங்டன்
ஜூன் 12

என் அருமை அக்காவுக்கு,

தாமதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கையோடு பதிலும் பாட்டிலும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று காத்திருந்தேன். இதோ ஆறு பாட்டில்.

வழக்கம்போல்தான் செய்தேன். மால்ட் கஷாயம் காய்ச்சி, கசப்புக்குக் கடையில் வாங்கிய சாதாரண ஹாப் போட்டு, ஆறவைத்து ஈஸ்ட் தூவி, துணி துவைக்கும் அறையில் போர்வை சுற்றி வைத்தேன். நுரைத்து அடங்கியதும் உன் பூவைப் போட்டு ஊறவிட்டேன். காய்ச்சிய அன்று நம் அம்மாவின் செம்பு அண்டா ஞாபகம் வந்து தனியாக நின்று சிரித்தேன். அம்மா சித்தி வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, துணி அவிக்கிற அண்டாவில் நாம் முதல்முதலாகக் காய்ச்சினோமே! அடுத்த வாரம் அதே அண்டாவில் அவித்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா கோயிலுக்குப் போக, பாதிரியார் குனிந்து மோந்து பார்த்து, "என்ன ஹெர்பர்ட், காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டாரே. ஒரு சொட்டு தொடாத மனுஷன்! அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாய்.

இப்போது முக்கியமான விஷயம். பெட்டோனியில் சியோசி என்று ஒரு சமோவாக்காரர், நல்ல மனுஷன், அவருடைய ரொட்டிக்கடை மூடிக் கிடக்கிறது. அதில் பீர் காய்ச்சி விற்க எனக்கு ஆசை. எத்தனை வருஷம்தான் நகரசபையில் உட்கார்ந்து நாய்களுக்கு உரிமம் எழுதுவது? எனக்கும் ஐம்பத்தெட்டாகிறது. இப்போது விட்டால் இனி இல்லை.

ஆனால் பயமாகவும் இருக்கிறது, அக்கா. வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது. அதனால் உன்னிடம் விட்டுவிடுகிறேன். குடித்துப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுது. நீ சரி என்றால் ராஜினாமா கொடுத்துவிடுகிறேன். இல்லை என்றால் வாயை மூடிக்கொண்டு நாய்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
கிளெனிஸ்

*

தபாவேரா
ஜூன் 21

கிளெனி கண்ணு,

பாட்டில்கள் உடையாமல் வந்து சேர்ந்தன. நேற்று சாயங்காலம் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைத் திறந்தேன்.

என்னத்தைச் சொல்ல! மூடியைத் திறந்ததுமே பச்சைத் திராட்சை. பின்னாலேயே பேஷன் ஃப்ரூட், நன்றாகப் பழுத்துத் தோல் சுருங்கியதன் வாசனை. அப்படியே நம் கொடி. அண்டா பீரிலிருந்து இந்தப் பீருக்கு வந்துவிட்டாயே, அப்பா இருந்திருந்தால் தானே ஒரு வாய் கேட்டிருப்பார்.

என்னைக் கேட்டால் கொடுத்துவிடு ராஜினாமாவை. நாய்களுக்கு வேறு யாராவது உரிமம் எழுதட்டும்.

பெருமையுடன்,
உன் அக்கா

*

வெலிங்டன்
ஜூலை 3

ரேவின்,

அன்புள்ள என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

ராஜினாமாவை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை சியோசியிடம் போனேன். இரண்டு பாட்டில் திறந்தேன். அவர் கோப்பையை மூக்கருகில் கொண்டுபோய் நிறுத்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, இதுல வெங்காயம் ஏதும் போட்டிருக்கீங்களா?" என்றார். அவர் மகள் அடுப்படியிலிருந்து வந்து மோந்து பார்த்து, "ஐயே, வெங்காய சூப்!" என்று ஓடிவிட்டாள்.

எனக்கும் அந்த வாசனை முதல் நாளே அடித்தது, தெரியுமா? அடித்தும் பேசாமல் இருந்தேன். அக்காவே பச்சைத் திராட்சை என்று எழுதியிருக்கிறாள், கோளாறு என் மூக்கில்தான் என்று நினைத்தேன். ஆயுசு முழுக்க அப்படித்தானே நினைத்துப் பழகியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மீதிப் பாட்டில்களை எடுத்துப் பார்த்தேன். பூ ஊறவிடுவதற்கு முன்னால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் பீரைத் தனியாக எடுத்து அடைத்து, மூடியில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். அந்தப் புள்ளி வைத்த பாட்டில் ஒன்றுகூட இங்கே இல்லை. எல்லாம் உனக்கு வந்துவிட்டது. அவசரத்தில் பெட்டி மாற்றிக் கட்டியது என் தப்புதான். ஆனால் நீ குடித்ததில் உன் பூவே இல்லை, ரேவின். அதில் பச்சைத் திராட்சை எங்கிருந்து வந்தது? பேஷன் ஃப்ரூட் எங்கிருந்து வந்தது?

குடிக்கவே இல்லையா நீ? திறந்துகூடப் பார்க்காமல், தங்கச்சி மனசு நோகக்கூடாது என்று எழுதினாயா? உள்ளதைச் சொல் என்றுதானே கேட்டேன். உன் வார்த்தையை நம்பி வேலையை விட்டிருந்தால் என் கதி என்ன? இன்னும் ஒரு நாள் போயிருந்தால் அந்தக் காகிதம் மேலதிகாரியின் மேஜைக்குப் போயிருக்கும்.

பாரியின் மட்டமான பீரைப் பற்றிக்கூட அவன் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்கிறாய். என்னிடம் சொல்லவில்லையே. அதுதான் வலிக்கிறது.

கிளெனிஸ்

*

தபாவேரா
ஜூலை 8

கிளெனி,

நீ திட்டியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பாட்டிலைத் திறந்தேன், குடித்தேன். நாக்கில் கசப்பு இருந்தது, குமிழி இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

எனக்கு வாசனை தெரியவில்லையடி. அந்தக் காய்ச்சலோடு போயிற்று. ஊரில் எல்லாருக்கும் திரும்பி வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. முதலில் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்றிருந்தேன். டாக்டரிடமும் போனேன். "வந்தாலும் வரும், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர்!

பால் கருகிப் பாத்திரம் ஓட்டையாகும்வரை பக்கத்து அறையில் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் மெர்வின் மழைக்கோட்டு தொங்குகிறதே, தினம் ஒருமுறை அதில் முகத்தை வைத்துக்கொள்வேன். உன்னிடம் சொன்னதில்லை, நீ கிண்டல் பண்ணுவாய். இப்போது வைத்தால் வெறும் துணி. மெர்வ் இன்னொரு தடவை செத்ததுபோல் அழுதேன்.

உன் பீரைக் கெடுத்ததும் நான்தான். காய்ச்சலிலிருந்து எழுந்த பிறகு, மார்ச் முழுக்க, காலையில் ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பேன். புல் வாசனை போய்ப் பழ வாசனை வந்தால் பறிக்கலாம். வரவில்லை. சரி, இன்னும் விளையவில்லை போல என்று விட்டுவிடுவேன். என் மூக்குக்குத்தான் வரவில்லை என்று ஒப்புக்கொள்ள மனசு இல்லை. பூவெல்லாம் ஓரம் பழுப்பேறிய பிறகுதான் பறித்தேன். நாள் கடந்த பூ வெங்காயம் நாறும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இந்தப் பள்ளத்தாக்கில். தெரிந்துகொண்டே உனக்கு அனுப்பினேன், நாறாமல் இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டு.

மூடியில் சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். இது என்னடி என்று கேட்டு எழுதியிருக்கலாம். கேட்டால், "மோந்து பாரேன், தெரியலையா?" என்று நீ எழுதுவாய். அதற்குப் பயந்தேன். அதனால் எத்தனையோ வருஷமாக மோந்த வாசனையை நினைவிலிருந்து எடுத்து எழுதிவிட்டேன். போனில் என்றால் என் குரலே காட்டிக்கொடுத்திருக்கும்.

ரேவினுக்கு மூக்கு போயிற்று என்று தெரிந்தால் அப்புறம் யார் என்னைத் தேடி வருவார்கள்? நீகூட எதற்காக எனக்கு பாட்டில் அனுப்பப் போகிறாய்? இந்த நினைப்பில்தான் உன் வாழ்க்கையையே கவிழ்க்கப் பார்த்தேன். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

ரேவின்

*

வெலிங்டன்
ஜூலை 13

என் அக்காவுக்கு,

பைத்தியம். பைத்தியம். பைத்தியம். மூக்குக்காகவா உனக்கு பாட்டில் அனுப்பினேன்?

கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துத் தொலைத்தேன். அழுகையை அடக்க முடியவில்லை. உரிமம் வாங்க வந்த ஒரு கிழவர், "நாய் போயிடுச்சாம்மா?" என்று விசாரித்தார். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன்.

ராஜினாமாவைக் கிழித்துப் போட்டேன். சியோசி, "கட்டடம் எங்கயும் ஓடிப்போகாது. நல்ல பீரோட வாங்க, எப்ப வேணும்னாலும் வாங்க" என்றிருக்கிறார். பூ விளைகிற மார்ச்சில் நான் அங்கே வருகிறேன். நான் மோந்து சொல்கிறேன், நீ கேட்டுவிட்டுப் பறிப்பது இன்றைக்கா நாளைக்கா என்று சொல். நம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூக்கு போதும்.

இன்றைக்கு சாயங்காலம், போன வருஷம் உன் பூவில் செய்ததில் கடைசியாக மிஞ்சியிருந்த பாட்டிலை உனக்காகத் திறந்தேன். என்ன வாசனை என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். பழம் கிழம் எல்லாம் இருக்கட்டும். நீ ஹாப் தோட்டத்தில் பறிக்கப் போன முதல் வருஷம் எனக்கு ஒன்பது வயசு. சாயங்காலம் ஆற்றில் குளித்துவிட்டு வந்ததும் என்னை முன்னால் உட்காரவைத்து ஈரத் தலையைப் பின்னிவிடுவாய். உன் விரலெல்லாம் பச்சைப் பிசின் ஒட்டிக் கறுத்திருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. அன்றைக்கு என் தலைமுடி, தலையணை எல்லாம் அதே வாசனை. எல்லாரும் இதைப் பேஷன் ஃப்ரூட் என்கிறார்கள், நானும் வாயால் அப்படித்தான் சொல்வேன். ஆனால் எனக்கு இது உன் கை வாசனை, அக்கா. அதற்காகத்தான் நான் பீரே காய்ச்ச ஆரம்பித்தேன்.

முத்தங்களுடன்,
கிளெனி

*

தபாவேரா
ஜூலை 18

கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வெகுநேரம் எடுக்கவில்லை.

பாரியிடம் சொல்லிவிட்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அப்ப இனிமே என் பீரைக் குடிக்கிறதுல உனக்கொண்ணும் கஷ்டம் இருக்காது" என்றான், படவா.

மார்ச் வரைக்கும் எதற்கடி காத்திருக்க வேண்டும்? வருகிற சனிக்கிழமையே படகேறு. பிக்டன் படகுத்துறையில் வந்து நிற்கிறேன்.

வந்ததும் எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும். இதை வேறு யாரிடமும் கேட்க முடியாது. காய்ச்சலுக்குப் பிறகு நான் ஒருத்தரையும் வீட்டுக்குள் விடவில்லை. பாரியையும் வேலியோடு பேசி அனுப்பிவிடுகிறேன். சன்னலைத் திறந்தே போட்டிருக்கிறேன், எல்லாவற்றையும் இரண்டு தடவை கழுவுகிறேன், போர்வையை வெயிலில் போடுகிறேன். இருந்தாலும் பயம். தனியாக இருக்கிற பொம்பிளை, என் வீடு எப்படி நாறுகிறதோ, நான் எப்படி நாறுகிறேனோ, எனக்கே தெரியாது.

நீ வந்து வாசலில் நின்று நன்றாக மூச்சை இழுத்து, உள்ளதை உள்ளபடி சொல். கேவலமாக இருந்தாலும் சொல். சொல்லிவிட்டு உள்ளே வா.

ரேவின்