காதுக்கருவிக் கடையில் ஒரு சர்க்கரைக்கட்டி

மார்ச் 4

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கடைக்குள் வந்ததும் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "அந்தப் புதுப் பொண்ணு இல்லையாம்மா?"

அவருக்கு முதல் காதுக்கருவி விற்றது நான். பேட்டரி மாற்றக் கற்றுக்கொடுத்ததும் நான். அவள் சாப்பிடப் போயிருக்கிறாள் என்றேன். "பரவால்ல, இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார். நான் என்ன, தூணா?

அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் சர்க்கரைக்கட்டி. பெரியவர்கள் எல்லாம் எறும்பாக மொய்க்கிறார்களே.

மார்ச் 7

வயிறு எரிகிறது. எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

மார்ச் 11

அப்படி என்னதான் செய்கிறாள் என்று அலமாரி துடைக்கிற சாக்கில் கவனித்தேன். மின்விசிறியை நிறுத்துகிறாள். டிவியை அணைக்கிறாள். கவுண்டரைச் சுற்றி வந்து, முழங்கால் இடிக்கிற மாதிரி எதிரே உட்காருகிறாள். "அப்பாவுக்குச் சின்னதா, வெளிய தெரியாத மாதிரி குடுங்க" என்று மகன்காரன் சொல்கிறான். அவனுக்கு ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். பெரியவரிடம் கேட்கிறாள்: "நீங்க யார் பேசறத கேக்கணும்னு ஆசப்படறீங்க?"

இதெல்லாம் ஒரு கேள்வியா? பணம் கட்டுகிறவன் மகன். நான் பிள்ளைகளிடம்தான் பேசுவேன், சட்டென்று முடிந்துவிடும். இவள் அரை நாளை விழுங்குகிறாள். முதலாளி அதற்கும் இளிக்கிறார். "நீங்க வித்தது திரும்பி வருது, அவ வித்தது வர்றதில்லையே, ஏன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார்! நேற்று முளைத்தவளோடு என்னை ஒப்பிட்டு.

மார்ச் 15

அப்பாவுக்கு நான் கொண்டுவந்த கருவி இன்னும் இழுப்பறையில்தான் தூங்குகிறது. "காதுல வண்டு குடையற மாதிரி இருக்கு, வேணாம்" என்கிறார். பிடிவாதம். கத்திக் கத்தி என் தொண்டைதான் கிழிகிறது. இதிலும் ஒரு வசதி உண்டு. சமையலறையில் சர்க்கரைக்கட்டியை வாயாரத் திட்டலாம். பாத்திரங்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

மார்ச் 21

நேற்று லீவு போட்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நான் இல்லாத நேரம் பார்த்து அப்பா இழுப்பறையில் கிடந்ததை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கடைக்குப் போயிருக்கிறார். அவளிடம்! பெத்த பொண்ணு அதே கடையில குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன், அவகிட்டயா போகணும்? நுனி ரப்பரை மாற்றி, இரைச்சலைக் குறைத்துக் கொடுத்தாளாம்.

இது தெரியாமல் இன்று காலை, "அப்பா! டீ!" என்று வழக்கம்போல அலறினேன். காதைப் பொத்திக்கொண்டார். "ஏம்மா கத்துற? பக்கத்துலதான இருக்கேன்."

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். எனக்குப் பொறுக்க முடியவில்லை. "யார் பேசறத கேக்கணும்னு அவகிட்ட சொன்னீங்க?"

"உன்னைத்தான். சமையல்கட்டுல தனியா ஏதோ பேசிட்டே இருப்ப. வாய் அசையறது மட்டும் தெரியும். எம்பொண்ணுக்கு என்ன கஷ்டமோன்னு..."

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். இத்தனை நாளில் இதை நான் அவரிடம் கேட்டதே இல்லை. அவள் கேட்டுவிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 24

ஒரு மகள் தன் அம்மாவைக் கூட்டிவந்தாள். நானே மின்விசிறியை நிறுத்திவிட்டு அந்த அம்மாவின் எதிரே உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவளுடைய அதே கேள்வியைக் கேட்டேன். அந்த அம்மா மகளையே பார்த்தார்.

அந்தப் பக்கமிருந்து சர்க்கரைக்கட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது பழக்கதோஷத்தில் அவளைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன். கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"யாரும்மா அது, சர்க்கரைக்கட்டி?"